தைரொயிட் கட்டி: இன்னொரு நிபுணரிடமும் கேட்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 38. கழுத்தின் வலப்புறத்தில் 2.3 சென்ரிமீற்றர் அளவில் ஒரு தைரொயிட் கட்டி இருப்பது ஸ்கானில் தெரியவந்தது. தைரொயிட் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் ரி.எஸ்.எச். அளவு குருதியில் சரியாக உள்ளது. ஊசி மூலம் கலங்களை எடுத்துப் பார்த்த அறிக்கையில் ‘பெதஸ்டா 3’ என்று எழுதப்பட்டிருக்கிறது. சுரப்பி முழுவதையும் அகற்ற வேண்டும் என்று கூறி, சத்திரசிகிச்சை நிபுணர் திகதியும் தந்துவிட்டார். வேறொருவரிடம் காட்டினால் அவர் கோபிப்பார், பிறகு அதே கிளினிக்கிற்கு எந்த முகத்தோடு போவது என்று தங்கை தயங்குகிறாள். கோவாவையும் மரவள்ளியையும் நிறுத்தினாலே கட்டி கரைந்துவிடும் என்கிறார் மாமி. நாங்கள் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் இடப்போகிறவர் உங்கள் தங்கை. அதற்கு முன் இன்னொரு நிபுணரின் அபிப்பிராயத்தைப் பெறுவது அவருடைய உரிமை. வைத்தியரிடம் ‘ஏன்’ என்று கேட்பதையே மரியாதைக் குறைவாக நினைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கூச்சம் நோயாளிக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. மறைவாகப் போவதைவிட, “முடிவெடுக்குமுன் இன்னொருவரிடமும் காட்ட விரும்புகிறோம், அறிக்கைகளின் பிரதிகளைத் தருவீர்களா?” என்று நேரிலேயே கேட்பது நல்லது. ஸ்கான் படங்களும் அறிக்கைகளும் கிளினிக் கொப்பியும் இல்லாமல் போனால், இரண்டாமவர் கழுத்தைத் தடவிப் பார்த்து ஊகிக்க மட்டுமே முடியும்.

தங்கையின் விடயத்தில் மறுபடி பார்க்க வேண்டியது முதலில் அந்த ஊசிப் பரிசோதனையைத்தான். ஊசிப் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா முறையில் ஆறு வகைகள் உண்டு. இரண்டாம் வகை புற்றுநோயற்றது, ஆறாம் வகை புற்றுநோய். மூன்றாம் வகையோ இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதது. அந்த வகையினரில் புற்றுநோய் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 வரை என்று கணிக்கப்படுகிறது. அதாவது, பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. எடுத்த கலங்கள் பூசப்பட்ட ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் இரு நோயியல் நிபுணர்கள் வேறுபட்ட முடிவுக்கு வருவதும் இந்த வகையில் அடிக்கடி நிகழ்வதாகும். ஆகவே அத்தகட்டை இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்க முடியுமா, ஊசிப் பரிசோதனையை மீண்டும் செய்யலாமா, ஸ்கானில் கட்டியின் தோற்றம், புற்றுநோய்ச் சந்தேகத்தைத் தரப்படுத்தும் ‘ரைராட்ஸ்’ அளவுகோலில் எந்தப் படியில் வருகிறது என்பவற்றைக் கேளுங்கள். என் பார்வையில், இரண்டாவது வைத்தியரைத் தேடுவதைவிட இரண்டாவது முறை தகட்டைப் பார்ப்பது பல சமயங்களில் அதிக பயன் தரும்.

அடுத்த கேள்வி, ஏன் முழுச் சுரப்பியும் என்பது. ஒரு பக்கத்தில் மட்டும் கட்டி இருந்து, வகையும் நிச்சயமற்றதாக இருக்கும்போது, அந்தப் பாதியை மட்டும் அகற்றி ஆய்வுக்கு அனுப்புவது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிதான். மறுபாதி எஞ்சியிருந்தால் பலருக்குத் தைரொக்சின் (தைரொயிட் ஓமோன்) மாத்திரை தேவைப்படாது, சிலருக்குத் தேவைப்படும். முழுவதையும் எடுத்தால் ஆயுள் முழுவதும் மாத்திரை தேவை என்பதோடு, தைரொயிட்டின் பின்னால் ஒட்டியிருந்து கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டுக் கல்சியம் குறையும் அபாயமும் வருகிறது; குரல் நரம்புகள் இரண்டும் பாதிப்படையும் அபாயத்துக்கு உள்ளாகின்றன. அதற்காக உங்கள் நிபுணர் தவறாகச் சொன்னார் என்று நான் கருதவில்லை. மறுபக்கத்திலும் கட்டிகள் இருந்தாலோ, குடும்பத்தில் தைரொயிட் புற்றுநோய் இருந்தாலோ, சிறுவயதில் கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றிருந்தாலோ முழுவதையும் அகற்றுவதற்குக் காரணம் உண்டு. அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் நீங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை என்றும் ஆகலாம்.

இதற்காக உடனே கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் கல்முனையிலுள்ள அரச வைத்தியசாலைகளும் உங்களுக்கு அண்மையில்தான் இருக்கின்றன. பிரதேச வைத்தியரிடம் கடிதம் பெற்று, இதில் சம்பந்தப்படாத ஒரு சத்திரசிகிச்சை நிபுணரையோ அகஞ்சுரப்பி நிபுணரையோ சந்திக்கலாம். காத்திருக்க முடியாவிட்டால் தனியார் சனலிங் நிலையமும் இருக்கிறது.

மாமியிடம் சொல்லுங்கள்: கோவாவும் மரவள்ளியும் அளவோடு சாப்பிடலாம்; அவற்றை நிறுத்துவதால் இந்தக் கட்டி கரையப்போவதில்லை. இந்த உணவுகள் தைரொயிட்டைப் பாதிப்பது பெரும்பாலும் உடலில் அயடீன் குறைந்தால்தான்; இலங்கையிலோ உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

தைரொயிட் கட்டிகளில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. எனவே சில வாரங்கள் எடுத்து விசாரிப்பதால் பொதுவாகப் பாதகமில்லை. சத்திரசிகிச்சைத் திகதியை நீங்களாகவே ரத்துச் செய்துவிடாமல், பின்போட முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஆனால் கட்டி விரைவாகப் பெருத்தாலோ, குரல் கரகரத்து மாறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலோ, கழுத்தில் வேறு கட்டிகள் தட்டுப்பட்டாலோ, இரண்டாம் அபிப்பிராயத்துக்காகக் காத்திராமல் முதலில் பார்த்த நிபுணரிடமே உடனடியாகத் தங்கையை அழைத்துச் செல்லுங்கள்.