நீலப் பாதை என்றால் எல்லா ஊரிலும் ஒரே பாதையா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டென்வரில் வேலை பார்க்கிறான். அங்கே பனிச்சறுக்கு பழகி, நீல ரன்களில் (நீலக் குறியிட்ட சறுக்குப் பாதைகளில்) தைரியமாக இறங்குகிறான். ஜனவரியில் நானும் கணவரும் அவனோடு ஆஸ்திரியா போகலாம் என்று மதுரையில் ஒரு டிராவல்ஸில் பேசியிருக்கிறோம். "நீலமும் சிவப்பும் உங்கள் மூன்று பேருக்கும் சரியாக இருக்கும், ஆஃப்-பிஸ்ட்டும் (குறியிட்ட பாதைக்கு வெளியே சறுக்குவதும்) உண்டு" என்கிறார்கள். நாங்கள் இருவரும் பனியையே பார்த்ததில்லை. முன்பணம் கட்டலாமா?
– வாசகி, எஸ்.எஸ். காலனி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் சொன்ன மூன்று விஷயங்களையும் தனித்தனியாகக் கேட்டுத் தெளிந்த பிறகு கட்டலாம்.

பாதைகளின் நிறத்துக்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது. அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், சிவப்பே இல்லை. அதையும் ஒவ்வொரு மலையும் தன் பாதைகளைத் தமக்குள் ஒப்பிட்டே தருகிறது. ஆஸ்திரியாவில் பொதுவாகப் பச்சை இல்லை. நீலம்தான் எளிது, சிவப்பு நடுத்தரம். அங்கே நீலம் 25 சதவீதச் சரிவு வரை, சிவப்பு 40 சதவீதம் வரை. சிறு தூரத்துக்கு மட்டும் அது மீறலாம். 25 சதவீதம் என்றால் நூறு அடி முன்னே போவதற்குள் 25 அடி கீழே இறங்குகிறீர்கள். நம் ஊர் மேம்பாலச் சரிவு எதுவும் இதில் பாதிகூட வராது.

ஆகவே உங்கள் மகன் ஆஸ்திரிய நீலத்தில் சிரமப்பட மாட்டார். சிவப்பை ஓரிரு நாள் பழகிவிட்டுத் தொடட்டும். உங்கள் இருவருக்கும் முதல் நாட்களில் நீலம்கூட வேண்டாம். பயிற்சிக்கென்றே சாய்வு மிகக் குறைந்த பனித்தரைகள் இருக்கும், அங்கே ஸ்கீ பள்ளியில் சேருங்கள். மலை முழுவதற்குமான லிஃப்ட் பாஸை (சறுக்குபவர்களை மேலே ஏற்றிச் செல்லும் வசதிக்கான டிக்கெட்டை) உங்கள் தலையிலும் கட்டியிருக்கிறார்களா என்று பேக்கேஜில் பாருங்கள். பயிற்சி லிஃப்டுக்கு மட்டும் தனி டிக்கெட் பல ஊர்களில் கிடைக்கும், செலவு நன்றாகக் குறையும்.

"பவுடர் பனி" (மாவு போல உதிரியான புதுப் பனி) என்ற விளம்பரத்துக்கும் மயங்காதீர்கள். ஜப்பானின் ஹொக்கைடோவும் அமெரிக்காவின் யூட்டாவும் உலர்ந்த பவுடருக்குப் பேர்போனவை. கலிபோர்னியாவின் ஈரம் மிகுந்த கனத்த பனியை அங்குள்ளவர்களே 'சியரா சிமெண்ட்' என்பார்கள். புதிதாகக் கற்பவருக்கு இரண்டுமே சிரமம். இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதைதான் ஏற்றது.

நான் மிகவும் கவலைப்படுவது ஆஃப்-பிஸ்ட் பற்றித்தான். அமெரிக்க ரிசார்ட்டின் எல்லைக்குள் திறந்துவிட்ட இடமென்றால், சமன்செய்யாத சரிவிலும் பனி சரிந்து விழும் அபாயத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்துவார்கள். உங்கள் மகனுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். ஐரோப்பாவில் குறியிட்ட பாதையை விட்டுப் பத்தடி விலகினாலும் பொறுப்பு உங்களுடையது. வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோவுக்குப் பாலிசி எடுப்பீர்கள். பல பாலிசிகளில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கும், சேர்த்திருந்தாலும் ஆஃப்-பிஸ்ட் இருக்காது. கால் முறிந்து ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்றால் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு பில் உங்கள் பெயரில் வரும். விலக்குகள் என்ற பகுதியை வரி வரியாகப் படித்து, பனிச்சறுக்குக்கான கூடுதல் பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள்.

ரிசார்ட்டின் பெயர், பயிற்சிச் சரிவு உண்டா, வகுப்பு எத்தனை மணி நேரம், கருவி வாடகை சேர்த்தியா, எந்த லிஃப்ட் பாஸ் – இவை அனைத்தையும் டிராவல்ஸிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட முடியும். அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும்.