நான்காவது செயலி எதற்கு?

கேள்வி: மூன்று நிதிச் செயலிகளிலும் ஓர் எக்செல் தாளிலும் இருபது மாதங்களாக ஒவ்வொரு செலவையும் விடாமல் பதிந்து வருகிறேன். மாதம் 4,000 வீதம் தொடர் வைப்பில் 80,000 சேர்த்துவிட்டேன்; வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். கிரெடிட் கார்டு தவணையை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் கார்டு நிலுவை 1,00,000-இலிருந்து இறங்க மறுக்கிறது. இதைவிடத் திறமையான செயலி ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் செயலிகளில் குறை ஒன்றும் இல்லை. கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய கார்டு ஸ்டேட்மென்டில்தான் விடை இருக்கிறது. ஆட்டோ டெபிட் பதிவு செய்தபோது 'மொத்த நிலுவை', 'குறைந்தபட்சத் தொகை' என்ற இரண்டில் நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மாதந்தோறும் 5,000 போகிறது. பில் கட்டப்பட்டதாகச் செயலியும் பச்சை நிறத்தில் குறியிட்டுவிடுகிறது. தாமதக் கட்டணம் இல்லாததால் உங்களை யாரும் அழைத்துக் கேட்பதும் இல்லை.

அந்த 5,000 எங்கே போகிறது என்று பாருங்கள். மாத வட்டி 3 சதவீதம், அதாவது 3,000. அசலில் கழிவது 2,000 மட்டுமே. அதையும் கார்டில் மாதந்தோறும் ஏறும் ஏறக்குறைய 2,000 ரூபாய்ச் சந்தாக்கள் நிரப்பிவிடுகின்றன. (செலவைக் குறைக்க வாங்கிய செயலியின் கட்டணமும் அவற்றில் ஒன்று என்பதைக் கவனித்தீர்களா?) பழைய நிலுவை இருக்கும்வரை புதிய செலவுக்கும் பொதுவாக வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஆக, இருபது மாதங்களில் வட்டியாக மட்டும் சுமார் 60,000 கொடுத்திருக்கிறீர்கள்.

72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே உள்ள இந்தக் குறுக்குவழிக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. உங்கள் வைப்பு இரட்டிப்பாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். கட்டாமல் விட்ட கார்டு கடனுக்கோ இருபத்து நான்கு மாதங்கள் போதும். இவை இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டிருப்பதைச் சேமிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அவசரத் தேவைக்கு 20,000 மட்டும் வைத்துக்கொண்டு, மீதி 60,000-ஐக் கடைசித் தேதிவரை காத்திராமல் இப்போதே கார்டில் கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. முன்கூட்டி முடிப்பதற்காக வைப்பில் சிறிது வட்டி குறைந்தாலும் பொருட்டில்லை: அந்த 60,000 ஓராண்டில் ஈட்டித் தருவது 3,600, கார்டில் அதே தொகைக்கு இரண்டு மாத வட்டியே அவ்வளவு. சந்தாக்களைக் கார்டிலிருந்து நீக்கிவிட்டு, வைப்புக்குப் போகும் 4,000-ஐயும் சேர்த்து மாதம் 9,000 கட்டினால், எஞ்சிய 40,000 ஐந்தாவது மாதத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு கார்டைப் பயன்படுத்துவதானால் ஆட்டோ டெபிட்டை 'மொத்த நிலுவை'க்கு மாற்றிவிடுங்கள்.

செயலியைப் பற்றிக் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். எக்செல் தாளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிப் பெரும் புகழ்பெற்ற மின்ட் செயலியை அதன் உரிமையாளரான இன்ட்யூட் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பயனரிடம் கட்டணம் வாங்காத அந்தச் செயலி, கார்டுகளையும் கடன்களையும் பரிந்துரைத்தே பெரிதும் சம்பாதித்தது. நிலுவையை வேறொரு கார்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி உங்கள் செயலி காட்டும் 'நிலுவை மாற்றுச் சலுகை'யையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஐந்து மாதத்தில் தீரக்கூடிய கடனுக்குச் செயலாக்கக் கட்டணம் கொடுத்து இன்னொரு கார்டு வாங்க வேண்டியதில்லை. எக்செல் தாளில் மட்டும் ஒரு புதிய பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் உள்ள வட்டித் தொகையைத் தனியே எழுதி வாருங்கள். இதுவரை அது 'கார்டு தவணை' என்ற பெயருக்குள் மறைந்திருந்தது.