பழைய கேம் சிடிகளும் அவற்றின் பூட்டுகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு கணினி கேமின் அசல் சிடி என்னிடம் இருக்கிறது. எக்ஸ்பி கணினியில் இன்றும் ஓடுகிறது. விண்டோஸ் 10 கணினியில் இன்ஸ்டால் ஆகிறதே தவிர, ஐகானைச் சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. புதிதாக யுஎஸ்பி சிடி டிரைவ் வாங்கினால் சரியாகும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கேம் இன்ஸ்டால் ஆகிறது என்பதே, இருக்கும் டிரைவ் சிடியை ஒழுங்காகப் படிக்கிறது என்பதற்குச் சான்று. சிடிக்குள் 00000001.டிஎம்பி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் உள்ள பூட்டு (நகல் வட்டில் கேம் ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு) ஏறக்குறைய நிச்சயமாக சேஃப்டிஸ்க்தான். அந்தப் பூட்டு தன் சோதனைக்கு செக்டிஆர்வி.சிஸ் என்னும் டிரைவர் மென்பொருளை நம்பியிருந்தது. எக்ஸ்பியுடன் சேர்ந்தே வந்த அந்த டிரைவர், இயங்குதளத்தின் உட்கருவில் முழு அதிகாரத்தோடு இயங்கியது. சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர் கணினி முழுவதையும் கைப்பற்ற வழிவிடும் ஓட்டை அதில் இருப்பது 2007இல் தெரியவந்து, அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகிய பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. ஒரு கேமின் விற்பனையைக் காப்பதற்காக உட்கருவில் இடம் கொடுத்ததே தவறு என்பது என் கருத்து.

எனவே அந்த டிரைவரை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துப் புதிய கணினிக்குள் திணிக்காதீர்கள். சிடி சோதனையை நீக்கும் திருத்தத்தைத் தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கிறாரா, பூட்டில்லாத பதிப்பு இப்போது விற்பனையில் உள்ளதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், எக்ஸ்பி கணினியை இணையத்தில் சேர்க்காமல் கேமுக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அசல் சிடி தேய்ந்துபோகும் முன் ஒரு நகல் எடுத்தேன். கோப்புகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகின்றன. இருந்தும் "அசல் வட்டைச் செருகவும்" என்றே வருகிறது. நல்ல ரைட்டர் இருந்தால் முடியுமா?

பதில்: பூட்டு பார்ப்பது கோப்புகளை அல்ல, வட்டின் உடம்பை. தொடக்க கால சேஃப்டிஸ்க்கில் சில செக்டர்கள் (வட்டில் தரவு பதியும் சிறு பகுதிகள்) வேண்டுமென்றே பிழையோடு அச்சிடப்பட்டன. சாதாரணமாக எழுதும்போது, ஒவ்வொரு செக்டருக்கும் உரிய பிழைதிருத்தக் குறியீட்டை ரைட்டர் தானே கணக்கிட்டு எழுதிவிடும். ஆகவே கெட்டிருக்க வேண்டிய செக்டர் நகலில் நன்றாகிவிடுகிறது, அதுவே காட்டிக்கொடுக்கிறது. செக்டரை உள்ளபடியே எழுதும் 'ரா' முறை கொண்ட ரைட்டர்கள் இதை எளிதாகத் தாண்டின.

அடுத்து வந்தவை பலவீனமான செக்டர்கள். சிடியில் 8 பிட் தரவு ஒவ்வொன்றும் 14 பிட்டாக மாற்றப்பட்டு, இடையில் 3 இணைப்பு பிட்கள் சேர்க்கப்படுகின்றன. வட்டில் பள்ளங்களும் மேடுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் லேசர் தடம் மாறாமல் ஓடும் என்பதால், அந்தச் சமநிலையைக் காப்பதும் இந்த 3 பிட்களின் வேலை. பலவீனமான செக்டரில் இருக்கும் தரவு, இந்தச் சமநிலையைக் குலைப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த வரிசை. தொழிற்சாலைக் கருவி இணைப்பு பிட்களைச் சரியாகத் தேர்ந்து சமாளித்துவிடும். பல ரைட்டர்களால் அது முடியவில்லை, எழுதியதைத் திரும்பப் படிக்கவும் முடியவில்லை. அந்த நாட்களில் நகலெடுப்பவர்கள் ரைட்டர்களை "ஒரு ஆடு", "இரண்டு ஆடு" என்று தரம் பிரித்தார்கள். குளோன்சிடி மென்பொருளின் சின்னம் ஆடு என்பதால் வந்த வேடிக்கை வழக்கு அது. ஆக, அந்தக் காலகட்டத்துப் பூட்டு என்றால் உங்கள் கேள்விக்கு ஆம் என்பதே பதில்.

ஆனால் செக்யூரோம் என்ற இன்னொரு பூட்டின் பிற்காலப் பதிப்புகளுக்கு எந்தச் சாதாரண ரைட்டரும் உதவாது. அவை ஒரு செக்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுக்கும் நேரத்தை அளந்து, வட்டில் தரவு எங்கே நெருக்கமாகவும் எங்கே தளர்வாகவும் அமைந்துள்ளது என்று கண்டுபிடிக்கின்றன. எழுதத்தக்க வெற்று சிடியிலோ தடம் தொழிற்சாலையிலேயே பதிந்து வருகிறது. ரைட்டர் அதைப் பின்தொடர்ந்துதான் எழுத முடியும். அதனால்தான் ஆல்கஹால் 120% போன்ற மென்பொருள்கள், அந்த அளவுகளை இமேஜ் கோப்போடு (முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுத்த நகலோடு) சேர்த்துச் சேமித்து, கணினிக்குள் ஒரு போலி டிரைவை உருவாக்கி, அசல் வட்டின் தாமதங்களை நடித்துக்காட்டின.

கேள்வி: கேம் விளையாட டிரைவின் கேபிளையே கழற்றினார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். டிரைவைக் கணினியோடு இணைக்கும் முறைகளில் ஐடிஇ, ஸ்கசி என்று இரண்டு இருந்தன. ஸ்டார்ஃபோர்ஸ் என்ற பூட்டு, ஐடிஇ வகை டிரைவ் கணினியில் இருந்தால், ஸ்கசி டிரைவாகத் தோன்றும் போலி டிரைவை ஏற்க மறுத்தது. ஐடிஇ டிரைவே இல்லையென்றால் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டது. ஆகவே கணினிப் பெட்டியைத் திறந்து சிடி டிரைவின் பட்டைக் கேபிளைப் பிடுங்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் இதைச் செய்தார்கள் என்பதைத் தயாரிப்பாளர்கள் யோசித்திருக்க வேண்டும்.

கேள்வி: பிளாப்பி காலத்திலும் இப்படி வன்பொருள் உண்டா?

பதில்: 1980களிலேயே உண்டு. சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்தின் 'ஆப்ஷன் போர்டு' என்ற அட்டை, பிளாப்பி கன்ட்ரோலருக்கும் டிரைவுக்கும் நடுவில் அமர்ந்து, தடத்தின் காந்த மாற்றங்களை அப்படியே படித்து அப்படியே எழுதியது. காந்தப் பூச்சில் நிலையான வடு பதித்த புரோலாக் பூட்டு வேறு வகை. வால்ட் நிறுவனம் உருவாக்கிய அதை, வடு இருப்பதாக நிரலை நம்பவைத்து ஏமாற்றும் மென்பொருளை குவைட் நிறுவனம் விற்றது. வால்ட் தொடுத்த வழக்கில், முறையான காப்பு நகலுக்கும் அது பயன்படும் என்று கூறி 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் குவைட் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்துக்குப் பிறகு பூட்டை உடைப்பதற்கே எதிரான சட்டங்கள் பல நாடுகளில் வந்துவிட்டன; சொந்த வட்டுக்குக் காப்பு நகல் எடுப்பதற்கு விலக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.