யூதத் தத்துவம் இரவல் சரக்கா?

கேள்வி: யூதத் தத்துவம் என்று தனியாக ஒன்று உண்டா? இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் சொன்னவை அரிஸ்டாட்டிலிடமும் அரபு அறிஞர்களிடமும் வாங்கிய இரவல். பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவஞானி ஸ்பினோசாவை யூதர்களே விலக்கி வைத்துவிட்டார்கள். மிஞ்சுவது வேத விளக்கம் மட்டும்தான். மார்க்ஸ், ஃபிராய்ட், ஐன்ஸ்டைன் ஆகியோரைக் கணக்கில் சேர்த்தாலொழிய அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

பதில்: உண்டு. இரவல் என்ற குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குவோம். இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் அரிஸ்டாட்டிலிடம் கடன்பட்டவர்தான். போதாததற்கு மைமோனிடிஸிடமும் கடன்பட்டு, 'ரபி மோசே' (ரபி என்றால் யூத மதகுரு; மோசே அவரது இயற்பெயர்) என்று பெயர் சொல்லியே அவரை எடுத்தாண்டார். அதனால் கிறித்தவத் தத்துவம் என்று ஒன்று இல்லை என நீங்கள் சொல்வதில்லையே! வாங்கியதைக் கொண்டு ஒருவர் என்ன செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும்.

மைமோனிடிஸ் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்தவர். 1148இல் அல்மொஹாதுகள் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரச வம்சத்தினர் அந்நகரைக் கைப்பற்றிய பின் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் சில காலம் வாழ்ந்து, இறுதியில் கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில் குடியேறினார். வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி டேவிட், இந்தியா நோக்கிய கடற்பயணத்தில் மூழ்கி இறந்தார். அந்தத் துயரில் மைமோனிடிஸ் ஏறத்தாழ ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். பின்னர் அரண்மனை மருத்துவராகப் பணிபுரிந்த காலத்தில், தத்துவமும் வேதமும் முரண்படுவது கண்டு கலங்கி நின்ற மாணவர் ஒருவருக்காக, அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில், 1190ஐ ஒட்டி அவர் எழுதி முடித்த நூலே 'கலங்கியோருக்கு வழிகாட்டி'.

அதன் இரண்டாம் பாகம் 25ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். உலகம் அநாதியானது என்று அரிஸ்டாட்டில் கருதினார். அது படைக்கப்பட்டது என்கிறது யூதர்களின் வேதமான தோரா. வேதத்தில் அப்படி எழுதியிருப்பதால்தான் அரிஸ்டாட்டிலை மறுப்பதாக எண்ணிவிடாதீர்கள் என்று மைமோனிடிஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். இறைவனுக்கு உடல் உண்டு என்பதுபோல் தோன்றும் வசனங்களும் ஏராளமாக இருக்கின்றன. உடலின்மை பகுத்தறிவால் நிறுவப்பட்டதால் அவற்றையெல்லாம் உருவகமாகக் கொண்டோம். படைப்பைப் பற்றிய வசனங்களையும் அவ்வாறே கொள்வது எளிது. ஆனால் உலகின் அநாதித்தன்மை இன்னும் நிறுவப்படவில்லை என்பது அவர் வாதம். உலகம் மாறா நியதியால் மட்டுமே இயங்குகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து தோராவின் அடித்தளத்தையே தகர்த்துவிடும் என்பதையும் இரண்டாவது காரணமாக அவர் மறைக்காமல் சொல்கிறார். வேத வசனத்தை வைத்து மட்டும் வழக்கை முடித்துக்கொள்ள மறுக்கும் ஒருவரை வெறும் வேத விளக்கக்காரர் என்பது நியாயமா?

அவருக்கு வந்த மறுப்பும் யூதர்களுக்குள்ளிருந்தே வந்தது. 1230களில் பிரான்சின் ரபிகள் சிலர் 'வழிகாட்டி' நூலுக்குத் தடை விதித்தார்கள். அதைவிட ஆழமான மறுப்பை எழுதியவர் ஸ்பெயின் நாட்டு யூத அறிஞர் ஹஸ்தாய் கிரெஸ்காஸ். 1391இல் ஸ்பெயினில் யூதர்கள் மீது நடந்த வன்முறையில் பார்சிலோனாவில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர். 1410இல் முடித்த 'இறைவனின் ஒளி' என்ற நூலில், அரிஸ்டாட்டிலிய இயற்பியலிலிருந்து மைமோனிடிஸ் தொகுத்து வைத்திருந்த 26 முன்மொழிவுகளையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். வெற்றிடம் சாத்தியமே என்றும், வெளி எல்லையற்றதாக இருக்கலாம் என்றும், அரிஸ்டாட்டிலின் அண்டவியலையே ஆட்டங்காணச் செய்யும் முடிவுகளை நோக்கி அவர் சென்றார். இது இரவல் வாங்கியவர் செய்கிற வேலையல்ல.

இனி ஸ்பினோசா. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் 23 வயது இளைஞராக இருந்த அவரை விலக்கி வைத்தது. அவரோடு எவரும் தொடர்பு கொள்ளக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழ தூரத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. கொடுமையான ஆணைதான். ஆயினும் ஒருவரின் சிந்தனை எந்த மரபில் வேர்கொண்டது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்த ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் கிடையாது. 1670இல் பெயரில்லாமல் வெளியிட்ட 'இறையியல்-அரசியல் ஆய்வு' நூலின் ஏழாம் அத்தியாயத்தில், நாம் மேலே பார்த்த மைமோனிடிஸின் அதே பகுதியை ஸ்பினோசா எடுத்துக்காட்டி, வரிந்துகட்டிக்கொண்டு மறுக்கிறார். வசனத்தின் பொருளைப் பகுத்தறிவு தீர்மானிக்கும் என்றால், தத்துவம் அறியாத பாமரர் எப்போதும் தத்துவவாதிகளின் வாயையே பார்த்திருக்க வேண்டும். தீர்க்கதரிசிகளோ பாமரரிடம்தான் பேசினார்கள். ஆகவே வேதத்தின் பொருளை வேதத்திலிருந்தே, அதன் மொழியையும் வரலாற்றையும் கொண்டே காண வேண்டும் என்கிறார். தம் கடிதம் ஒன்றில் கிரெஸ்காஸின் வாதத்தையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். பிற்காலத்தில் ஜெர்மன் யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோன் 1783இல் வெளியிட்ட 'ஜெருசலேம்' நூலில், எந்தச் சமய அமைப்புக்கும் எவரையும் விலக்கி வைக்கும் உரிமை இல்லை என்று வாதிட்டார்.

ஆக, பிறப்பை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். முன்னவரைப் பெயர் சொல்லி அழைத்து, வேதத்துக்கும் பகுத்தறிவுக்கும் இடையிலான வழக்கை அடுத்தவர் மேலே நடத்துகிறாரே, அந்தத் தொடர்ச்சிக்குத்தான் யூதத் தத்துவம் என்று பெயர். ஆறு வயதில் ஞானஸ்நானம் பெற்ற மார்க்ஸ் அந்த வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். ஐன்ஸ்டைனின் இயற்பியலுக்கும் அதில் இடமில்லை. ஃபிராய்ட் மட்டும் மோசேயைப் பற்றி எழுதிய கடைசி நூலின் வழியாக அதன் வாசல் வரை வந்தார். பெருமைக்காகப் பட்டியலை நீட்டுவது அந்த மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இருபதாம் நூற்றாண்டிலும் அது ஓய்ந்துவிடவில்லை. ஜெர்மன் யூதத் தத்துவஞானி ஹெர்மன் கோஹன், தத்துவமேதை கான்ட்டின் வழியில் நின்று மைமோனிடிஸை மீண்டும் வாசித்தார். நாஜி முகாமில் போர்க்கைதியாக இருந்தவரும், லித்துவேனியாவில் தம் குடும்பத்தாரைப் படுகொலைக்குப் பறிகொடுத்தவருமான பிரெஞ்சுத் தத்துவஞானி லெவினாஸ், எதிரே நிற்கும் மனிதனின் முகம் நம்மிடம் விதிக்கும் பொறுப்பிலிருந்தே தத்துவம் தொடங்க வேண்டும் என்று 1961இல் எழுதினார். யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபரை நம் வாசகர்கள் காந்தியின் வழியாகவும் அறியலாம். ஜெர்மனி யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதியதற்கு, 1939 பிப்ரவரியில் ஜெருசலேமிலிருந்து பூபர் நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார். ஒருவர் செய்யும் தியாகத்தைப் பார்க்கவோ கேட்கவோ எவரும் இல்லாத இடத்தில் சத்தியாகிரகம் எவ்வாறு செயல்படும் என்பது அவர் எழுப்பிய வினாக்களில் ஒன்று.

'வழிகாட்டி'யின் அந்த 25ஆம் அத்தியாயமும் ஸ்பினோசாவின் ஏழாம் அத்தியாயமும் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. முதலாவது சில பக்கங்களே. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, மைமோனிடிஸ் சொன்னதில் எது இரவல் என்று சுட்டிக்காட்டி எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.