சுற்றுச்சூழல் படிப்புக்கு ஆலையில் எங்கே இடம்?

வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் தங்கள் மகள் சுற்றுச்சூழல் மேலாண்மையில் மேற்படிப்புக்குப் போக விரும்புவதாகவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை விட்டால் அதற்கு வேலை ஏது என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வாரியத்தில் இடங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி ஆலைகளுக்குள் நடக்கிறது. அதை ஒரு பெரிய நிறுவனம் எப்படிப் பகிர்ந்துகொள்கிறது என்று பார்த்தால், மகள் எதைப் படிப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

டொயோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1992-இல் புவி சாசனம் என்ற பெயரில் தன் சுற்றுச்சூழல் கொள்கையை வகுத்த அந்நிறுவனம், அதன்பின் ஐந்தாண்டுச் செயல்திட்டங்களாக அதை நடத்தி வருகிறது. 2015 அக்டோபரில், 2050-க்குள் எட்ட வேண்டிய ஆறு சவால்களை அறிவித்தது. புதிய வண்டிகளின் சராசரிக் கரியமில வாயு வெளியீட்டை 2010-ஆம் ஆண்டு அளவிலிருந்து 90 விழுக்காடு குறைப்பதும், ஆலைகளின் வெளியீட்டை அறவே இல்லாமல் ஆக்குவதும் அவற்றில் அடங்கும். இலக்கு ஜப்பானியத் தலைமையகத்தில் முடிவாகிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று மண்டலங்கள் அதைத் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கும் நீர்நிலைமைக்கும் பொருத்திக்கொள்கின்றன. பெங்களூரை அடுத்த பிடதி ஆலை போன்ற ஓரிடத்துக்கு அது வந்து சேரும்போது, ஒரு வண்டிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் மின்சாரம் என்ற கணக்காகிவிடுகிறது. கார் ஆலையில் அதிக ஆற்றலை விழுங்குவது பெயின்ட் ஷாப், அதாவது வண்ணம் பூசும் பிரிவு என்பதால், அந்தக் கணக்கைக் குறைப்பவர் பெரும்பாலும் அங்குள்ள உற்பத்திப் பொறியாளர்தான், சுற்றுச்சூழல் அதிகாரி அல்லர்.

1996-இல் வெளிவந்து 2015-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 14001 என்ற பன்னாட்டுச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலையை மாணவர்கள் பலரும் மாசு வரம்பு என்றே நினைக்கிறார்கள். அது எந்த அளவு வரம்பையும் விதிப்பதில்லை. பாதிப்புகளைக் கண்டறிந்து, இலக்கு வைத்து, தணிக்கை செய்து, குறையைத் திருத்தும் முறையையே கேட்கிறது. வரம்பை விதிப்பது நாட்டின் சட்டம். நம் நாட்டுப் பொது விதிப்படி நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரின் சிஓடி (அதிலுள்ள மாசை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 250 மில்லிகிராமையும், பிஓடி (நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) 30 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது.

ஆகவே முதல் வேலை பெரும்பாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், அதாவது ஈடிபியில் அமையும். நுண்ணுயிர்கள் மாசைச் சிதைக்கக் காற்று செலுத்தப்படும் காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குவளையில் நீரை எடுத்து, அரை மணி நேரத்தில் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சேறு படியாமல் மிதந்தால் காரணம் சொல்ல வேண்டும். ஈடிபி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும், ஷிப்ட் உண்டு. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. குளிரூட்டிய அறையில் அறிக்கை எழுதும் வேலை என்று எண்ணி வருபவர்கள்தான் ஓராண்டில் விலகுகிறார்கள். அறிக்கை வேலையும் இல்லாமல் இல்லை: பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய பிஆர்எஸ்ஆர் என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கைக்குத் தரவு திரட்ட ஆள் தேவைப்படுகிறது. ஆனால் ஆலையை அறியாதவர் தரும் தரவை ஆலை மேலாளரே நம்பமாட்டார்.

என் கருத்து இதுதான்: வேதிப்பொறியியலை விட்டு விலக வேண்டாம். மேற்படிப்பு என்றால், பொதுவான மேலாண்மைப் பட்டத்தைவிடச் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. மேல். லீட் ஆடிட்டர் (தலைமைத் தணிக்கையாளர்) சான்றிதழுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். சில ஆண்டு அனுபவம் இல்லாமல் அதற்கு மதிப்பில்லை. பெரிய பெயர் மட்டுமே கண்ணில் படுவதும் நம் பெற்றோரின் வழக்கம். டொயோட்டா போன்றவை தமக்குப் பாகம் தருவோரிடமும் சுற்றுச்சூழல் மேலாண்மை முறையை எதிர்பார்க்கின்றன. ஓசூரிலும் ஒரகடத்திலும் உள்ள உதிரிபாக ஆலைகளில் விண்ணப்பிப்போர் குறைவு, ஆனால் ஒரே ஆள் ஈடிபி, கழிவு, தணிக்கை மூன்றையும் கற்றுக்கொள்ள முடியும். வரும் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு அப்படி ஓர் ஆலைக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தத் துறை என்று கேட்டால் மனிதவளம் வேண்டாம், யூட்டிலிட்டி (ஆலைக்கு மின்சாரம், நீர், நீராவி வழங்கும் பிரிவு) அல்லது ஈடிபி என்று குறிப்பிடட்டும்.