ஓய்வூதிய ஆணையைக் காட்டினால் ரயிலில் சலுகை கிடைக்குமா?

கேள்வி: வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர் நான். பணியில் கண்ணிவெடி வெடித்து இரண்டு கண்ணிலும் பார்வை அடியோடு போய்விட்டது. டெல்லி செல்ல முன்பதிவு கவுண்டரில் ஊன ஓய்வூதிய ஆணையைக் காட்டியும், எனக்கும் துணைக்கு வரும் மனைவிக்கும் முழுக் கட்டணம் வாங்கினார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கு வேண்டாம் ஐயா. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் கவுண்டர் ஊழியர் செய்தது விதிப்படி சரி. முன்னாள் ராணுவத்தினர் என்பதற்காக மட்டும் ரயில்வே கட்டணத்தைக் குறைப்பதில்லை. வீர விருது பெற்றவர்களுக்கான பாஸ் வேறு விஷயம். உங்கள் உரிமை பார்வையிழப்பால் வருவது. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதமும், இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதமும் குறையும். கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. தட்கலில் கிடையாது.

இதற்கு ரயில்வே தரும் மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். முதலில் அரசு மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் சலுகைச் சான்று வாங்குங்கள். அப்புறம் ரயில்வே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பலர் சறுக்குவது சான்றில்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 3/60க்குக் கீழ் பார்வை உள்ளவரையும் (சாதாரணக் கண் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாதவர்) பார்வையற்றவர் என்கிறது. ரயில்வேயோ பார்வை முற்றிலும் இல்லாதவருக்கே சலுகை தருகிறது. சட்டம் ஒருவிதமாகவும் சலுகை விதி இன்னொரு விதமாகவும் இருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. எப்படியும் உங்களுக்குப் பாதிப்பில்லை. 'பார்வை முற்றிலும் இல்லை' என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருக்கிறாரா என்று மனைவியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்தில் அசல் அட்டை கையில் இருக்கட்டும். நகலை டிக்கெட் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

அட்டை இருந்தும் மறுத்தால் அப்போது கதையே வேறு. ரயில்வே மத்திய அரசு நிறுவனம் என்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகாதீர்கள். டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு எழுதுங்கள். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை ரயில்வே 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கூடுதலாக வாங்கிய பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் நீதிமன்றம் அல்ல, ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம்தான் சரியான இடம். அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது.

இப்போது கட்டிய முழுக் கட்டணத்துக்கு அங்கே போனாலும் பயனில்லை. அன்று உங்களிடம் அட்டை இல்லையே.