தண்ணீருக்கு வரும் மான்: வாசகர் கேள்விகள், பதில்கள்

எங்கள் பட்டா நிலத்து ஓடைக்கு ராத்திரியில் புள்ளிமான் வருகிறது. சொந்த நிலத்தில் பிடித்தால் என்ன? (கங்கைகொண்டான்)

நிலம் உங்களுடையதுதான், மான் அரசு சொத்து. 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காடு, பட்டா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, அதற்கு முயல்வது எல்லாமே குற்றம். உங்கள் ஊர்ப் புள்ளிமான் சரணாலயத்துக்குள் நடந்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை. அதன் பரப்பே 288 ஹெக்டேர்தான். கோடையில் உங்கள் ஓடைக்கு மான் வராமல் எங்கே போகும்?

மிளா (கடமான்) நாற்றை மேய்ந்துவிடுகிறது. பன்றியைச் சுட அனுமதி வந்ததுபோல் இதற்கும் உண்டா? (களக்காடு)

கிடையாது. அந்த ஆணை காட்டுப்பன்றிக்கு மட்டும்தான். அதையும் வனத்துறை ஆட்கள்தான் சுடலாம், நீங்களோ நானோ அல்ல. சேதத்தைப் படம் எடுத்து, இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கம்பியில் நேராகக் கரண்ட் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். விடியக்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனையும் அது கொல்லும்.

கிணற்றில் மான் விழுந்துவிட்டது. நாங்களே தூக்கலாமா? (மானூர்)

முதலில் வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஆளைக் கூட்டாதீர்கள், நாயைக் கட்டிப்போடுங்கள். மானுக்கு அடியைவிடப் பயம் பெரிய எமன். மிரண்டு துள்ளியதில் தசை சிதைந்து, காயமே இல்லாத மான்கூட மேலே வந்தபிறகு செத்துவிழும். சிலது இரண்டு மூன்று நாள் கழித்தும் சாகும். செல்ஃபி எடுக்கக் கூட்டம் சேருவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்கியதும் துணியால் கண்ணை மூடினால் கொஞ்சம் அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். செத்துப்போனால் கறியைக் கூறுபோட நினைக்கவே கூடாது. செத்த மானும் அரசு சொத்துதான். வேலை முடிந்ததும் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புங்கள்.

மகன் அரிசோனாவில் இருக்கிறான். அங்கே குட்டையோரம் மான் சுடலாமாமே? (பாளையங்கோட்டை)

லைசென்ஸ் வாங்கி, சீசனில் சுடலாம். ஆனால் விலங்குகள் தண்ணீருக்கு வர முடியாதபடி குட்டையைச் சுற்றிக் கால் மைல் தூரத்துக்குள் கூடாரம் போட அங்கேயும் தடை. மானை வேவு பார்த்து வேட்டையாடத் தானியங்கி கேமரா வைப்பதையும் 2022 முதல் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வருகிற மிருகத்துக்குத் தப்ப வழி விட வேண்டும் என்பது வேட்டைக்காரர்களே ஒத்துக்கொண்ட நியாயம்.

ஆற்றோரம் உதிர்ந்து கிடந்த மான்கொம்பை வீட்டில் வைக்கலாமா? (மணிமுத்தாறு)

கூடாது. வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.